பொய் ரத்தத்தைப் பாத்துச் சிரிக்கிறது குற்றமோ? பேய்ப் பகிடிப் படத்தைத் திருப்பி எடுக்கிற ஆக்களுக்கு

பூவரசு · 11.01.2025 · இரவு 9.40

பழைய ரத்தக்களரிப் பேய்ப்படங்களை, அதுவும் பாதிக்குமேலை பகிடியாய் இருக்கிறதுகளை, திருப்பித் திருப்பி எடுக்கினம். கதை தெரியும். ஆர் முதல் சாவினம் எண்டும் தெரியும். சிந்துறது சீனிப்பாகு எண்டும் தெரியும். எண்டாலும் ரீமேக் வந்தா மனம் அதுக்குத்தான் ஓடுது. பாத்து முடிச்சா களவாய்த் திண்ட மாதிரி ஒரு கூச்சம். அப்பிடி அதிலை என்னதான் கிடக்கு?

ரெண்டாவது கேள்வி. நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து 15 நிமிசம் ஓடுற மாதிரி அப்பிடி ஒரு படம் எடுக்கப் போறம். இடம் பழைய நாற்சார் வீடு, கையிலை நல்ல கமறா உள்ள போன் ஒண்டு. ரத்தத்தைக் கணினியிலை போடுறதோ, கையாலை செய்யிறதோ? கையாலை எண்டா அளவு சொல்லுங்கோ அண்ணை.

வடலி · 11.01.2025 · இரவு 11.15

கையாலைதான். காரணத்தைப் பிறகு எழுதுறன், முதல் அளவு.

சீனி 1 கிலோ, தண்ணி அரை லீற்றர். கொதி வந்தவுடனை ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விட்டு, குறைஞ்ச நெருப்பிலை பத்து நிமிசம் விடுங்கோ. புளி விடாட்டி பாகு ஆறேக்கை அடியிலை கல்லாய்ப் பூக்கும். புளி சீனியிலை ஒரு பங்கை உடைச்சு விடுறதாலைதான் அது பூக்காமல் நிக்குது. இறக்கினா 1.1 லீற்றர் அளவு வரும். கோன் ஃபிளவர் ரெண்டு மேசைக்கரண்டியைப் பாகுக்குள்ளை போட்டுக் கிண்டுங்கோ. கொக்கோப் பொடி ரெண்டு மேசைக்கரண்டியைச் சுடுதண்ணியிலை குழைச்சுத் துணியிலை வடிச்சு விடுங்கோ, அது பாகின்ரை கண்ணாடித்தன்மையை எடுத்துப்போடும். சிவப்பு உணவு நிறம் மூண்டு தேக்கரண்டி, நீலம் மூண்டு துளி. நீலம் இல்லாட்டி சர்பத் மாதிரி நிக்கும்.

அரிதாரம் · 12.01.2025 · காலை 6.50

கோன் ஃபிளவர் விசயத்திலை ஒரு திருத்தம். இவ்வளவு சீனி உள்ள பாகுக்குள்ளை மாவை நேரை போட்டா அது வேகாது, சீனி தண்ணியை இழுத்து வைச்சுக்கொள்ளும். அரை மணித்தியாலம் கிண்டினாலும் வெள்ளையாய் மிதக்கும், படத்திலை பால் கலந்த மாதிரித் தெரியும். வேறை சட்டியிலை ஒரு கோப்பைத் தண்ணியிலை மாவைக் கரைச்சு, கண்ணாடிக் கஞ்சி ஆகுமட்டும் காய்ச்சி, பிறகு பாகோடை சேருங்கோ.

முகத்திலையும் கையிலையும் ரத்தம் படமுதல் தேங்காயெண்ணெய் அல்லது வஸ்லீன் மெல்லிசாய்ப் பூசுங்கோ. பூசாட்டி அடுத்த நாளும் முகம் றோசாப்பூவாய் இருக்கும். வாயுக்குள்ளை போற ரத்தம் வேறை போத்தல், கண்ணுக்குக் கிட்டப் போறது வேறை போத்தல். கழுவ லேசாய் இருக்கட்டும் எண்டு சில ஆக்கள் பாத்திரம் கழுவுற திரவம் ஒரு கரண்டி விடுவினம். உடுப்பிலை ஊத்திறதுக்கு அது சரி. வாயுக்கும் கண்ணுக்கும் ஒருக்காலும் விடக்கூடாது.

வடலி · 12.01.2025 · பகல் 1.20

அரிதாரம் அக்கா சொன்னதுதான் சரி. மேலை நான் எழுதினதை அப்பிடித் திருத்தி வாசியுங்கோ.

சவர்க்காரத் திரவம் எண்டவுடனை ஞாபகம் வருகுது: ஹொலிவூட் ஒப்பனைக்காரர் டிக் ஸ்மித்தின்ரை பேர்போன ரத்தக் கலவையிலையும் இந்த வேலைக்கு ஒரு பொருள் இருந்தது. படச்சுருள் கழுவேக்கை பாவிக்கிற ஒரு திரவம். ரத்தம் தோலிலை முத்து முத்தாய் நிக்காமல் பரவி ஓட அதை விட்டவர். நஞ்சு எண்டபடியா அந்தக் கலவை வாயிலை படக்கூடாது. இணையத்திலை அந்தப் பட்டியலைப் பாத்து அப்பிடியே செய்ய வெளிக்கிடாதேங்கோ.

இப்ப காரணத்துக்கு வாறன். கணினி ரத்தம் உடுப்பை நனைக்காது. நடிக்கிற ஆள் திடுக்கிடாது, கண்ணைச் சிமிட்டாது, வாய்க்குள்ளை போனதைத் துப்பாது. அடுத்த காட்சியிலை தலைமயிர் ஒட்டிக் கிடக்காது. பேய்ப் பகிடியிலை சிரிப்பு வாறது வெட்டு விழுற இடத்திலை இல்லை. வெட்டு விழுந்தபிறகு, நனைஞ்ச முகத்தோடை ஒரு மனுசன் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிற அந்த ரெண்டு செக்கனிலை. அதைக் கணினியிலை வரைஞ்சு எடுக்கேலாது.

வடலி · 12.01.2025 · இரவு 10.05

பூவரசின்ரை முதல் கேள்வி. சின்னதாய்ச் சொல்லிப்போட்டு விட மனமில்லை.

கந்தசஷ்டி முடிவிலை சூரன் போர் பாக்கப் போற ஆக்களை நினையுங்கோ. சூரனுக்கு என்ன நடக்கப்போகுது எண்டு தெரியாத ஒரு பிள்ளை கூட அந்த வீதியிலை இல்லை. ஆனைமுகம் விழும், சிங்கமுகம் வரும், கடைசியிலை மாமரம், சேவலும் மயிலும். எண்டாலும் வருசா வருசம் சனம் போகுது. ஏன்? இந்த வருசம் சூரனை எப்பிடி ஆட்டினம், தலையை எவ்வளவு கெதியாய் மாத்தினம், காவுற பெடியள் எவ்வளவு தூரம் பின்னுக்கு ஓடி முன்னுக்கு வருகினம் எண்டு பாக்க. மரத்தலை எண்டு தெரியும், கழட்டுறதையும் கண்ணாலை பாக்கிறம், எண்டாலும் உடம்பு சிலிர்க்குது. பக்தி வேறை, சினிமா வேறை, ரெண்டையும் ஒண்டாக்கேல்லை. பாக்கிற கண்ணைப் பற்றித்தான் சொல்லுறன். தெரிஞ்ச கதையை ‘இந்தமுறை எப்பிடி’ எண்டு பாக்கிற பழக்கம் எங்களுக்குப் புதுசில்லை.

நல்ல ரீமேக் அந்தக் கண்ணுக்குத் தீனி போடுது. ரொஜர் கோர்மன் 1960இலை, ஆளைத் தின்னுற ஒரு பூச்செடியைப் பற்றின ‘லிற்றில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்’ படத்தின்ரை முக்கிய காட்சியளை ரெண்டே நாளிலை எடுத்து முடிச்சவர். பிறகு அது மேடைப் பாட்டு நாடகமாகி, 1986இலை ஃபிராங்க் ஒஸ் அதைப் படமாக்கினவர். செடி கணினி இல்லை, ஆக்கள் உள்ளையும் கீழையும் நிண்டு இழுத்து ஆட்டின பொம்மை. கிம் ஜீ-வூனின்ரை 1998 கொரியப் படம் ‘த குவயற் ஃபமிலி’, விடுதி நடத்திற ஒரு குடும்பம் செத்த விருந்தாளியளைப் புதைக்கிற கதை. தகாஷி மீகே 2001இலை அதை யப்பானிலை எடுக்கேக்கை பாட்டும் ஆட்டமும் களிமண் பொம்மையும் சேர்த்தவர். அதுதான் ‘த ஹப்பினெஸ் ஒஃப் த கற்றகூரீஸ்’. மூலக்கதையை நம்பி, அதுக்கு மேலை வேறை ஒரு கைவேலையைக் காட்டினவை. அதைப் பாத்து ரசிக்கிறதிலை கூச்சப்பட ஒண்டுமில்லை.

பூவரசு · 18.01.2025 · மாலை 5.30

சோதினைக்கு ஒரு லீற்றர் செய்து பாத்தம். பிரச்சினை நாலு. நிலத்திலை ஊத்தினா ரத்தம் தெரியேல்லை. சுவருக்கு பீற்றூட் சாறு அடிச்சுப் பாத்தம், கொஞ்ச நேரத்திலை மஞ்சளாய்ப் போட்டுது. ராவிலை மின்குமிழ் வெளிச்சத்திலை மண்ணிறமாய் இருக்கு. எறும்பு.

வடலி · 18.01.2025 · இரவு 8.10

நாலும் எதிர்பாத்ததுதான்.

நிலம்: நாற்சார் வீட்டிலை சிவப்புச் சீமெந்து போட்டு மினுக்கின தரை. சிவப்பிலை சிவப்பு எப்பிடித் தெரியும்? விழுற இடத்திலை வெள்ளை வேட்டி, பாய், கோலம், சிந்தின அரிசி மா, ஏதாவது வெளிறின பொருளைக் கதைக்குள்ளை கொண்டுவந்து வையுங்கோ. அது ஏலாட்டி லைற்றை ஆளுக்குப் பின்பக்கம், தாழ்வாய் வையுங்கோ. நிறம் தெரியாட்டியும் ஈரத்தின்ரை மினுக்கம் தெரியும்.

சுவர்: பழைய சுவருக்கு அடிச்சிருக்கிறது சுண்ணாம்பு. பீற்றூட்டின்ரை சிவப்பு புளித்தன்மையிலை நிக்கும், காரத்திலை உடைஞ்சு மஞ்சளாகும். சுண்ணாம்பு கடும் காரம். ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பு எடுக்கிறது இதுக்கு நேர் எதிரான விளையாட்டு. மஞ்சள் காரத்திலைதான் சிவக்கும், தேசிக்காய் பட்டவுடனை திரும்ப மஞ்சளாகும். அதைச் சுவருக்குப் பாவிக்கலாம் எண்டு ஆரும் சொன்னா, சுவருக்கு மட்டும் எண்டு வைச்சிருங்கோ. சுண்ணாம்பு கண்ணைப் பழுதாக்கும், ஆளிலை ஊத்தக்கூடாது. எல்லாத்தையும் விட நல்ல வழி, சுவரின்ரை அதே நிறத்திலை பூச்சடிச்ச பலகை ஒண்டை முன்னுக்கு நிப்பாட்டி அதிலை அடிக்கிறது. வீட்டுக்காரரின்ரை சுவர் உங்கடை சுவர் இல்லை.

மின்குமிழ்: மலிவான எல்.ஈ.டி குமிழியளின்ரை வெளிச்சத்திலை ஆழமான சிவப்பு குறைவு. வெளிச்சத்திலை இல்லாத நிறத்தைக் கமறா எப்பிடிப் பிடிக்கும்? பெட்டியிலை CRI (நிறத்தை உள்ளபடி காட்டுற சுட்டெண்) 95 எண்டு போட்டிருக்கிற லைற், இல்லாட்டி பழைய ஹலஜன் குமிழ் ஒண்டு தேடுங்கோ. போனிலை வெள்ளைச் சமநிலையைப் (வைற் பலன்ஸ்) பூட்டிவிடுங்கோ. பூட்டாட்டி ரத்தம் விழுந்தவுடனை போன் ‘சிவப்பு கூடிப்போச்சு’ எண்டு நினைச்சு முழுப் படத்தையும் நீலமாக்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்ரொப்பிலை (கமறாவிலை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற படி) மூண்டிலை ரெண்டு பங்கு குறைச்சு எடுங்கோ. சிவப்பு நிறைஞ்சு வழிஞ்சா மடிப்பும் துளியும் அழிஞ்சு தட்டையான பூச்சாய்த் தெரியும்.

எறும்பு: நிலத்திலை ஊத்திறதுக்குச் சீனிப்பாகு தேவையில்லை. கோதுமை மாக் கூழும் போஸ்ரர் கலரும் காணும். எங்கடை வெக்கையிலை மாக்கூழ் ஒரு நாளிலை புளிச்சு மணக்கும். அண்டண்டைக்குக் காய்ச்சுங்கோ, ஒரு கைப்பிடி உப்புப் போட்டா பின்னேரம் மட்டும் தாங்கும்.

வடலி · 19.01.2025 · காலை 7.25

ராத்திரி படுத்திட்டு யோசிச்சன். முதல்நாள் நான் தந்த அளவே உங்கடை படத்துக்குப் பிழை.

கொக்கோ ரெண்டு கரண்டி, நீலம் மூண்டு துளி எண்டு எழுதினது உண்மையான ரத்தத்துக்குக் கிட்டப் போற அளவு. பயமுறுத்துற படத்துக்கு அது சரி. நீங்கள் எடுக்கிறது பகிடி. பகிடிக்கு ரத்தம் பொய் எண்டு தூரத்திலையே தெரிய வேணும். கொக்கோவை அரைக் கரண்டியாக்குங்கோ, நீலத்தை ஒரு துளியாக்குங்கோ, மாதுளம்பழ நிறத்திலை நிக்கட்டும். அளவை ரெண்டு மடங்காக்குங்கோ. ஒரு விரல் வெட்டுப்பட்டா நாலு சொட்டு வாறது உண்மை, அதைப் பாத்தா மனுசருக்கு நோகும். அதே விரலிலை இருந்து ரெண்டு வாளி வந்தா நோவு போய்ச் சிரிப்பு வரும்.

ஜோர்ஜ் ரொமேரோவின்ரை 1968 கறுப்பு வெள்ளைப் படம், ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’. அதிலை ரத்தமாய் ஓடினது சொக்லேற் சிரப். நிறம் இல்லாதபடியா அது காணும். 1990இலை ரொம் சவினி நிறத்திலை திருப்பி எடுக்கேக்கை அந்த வழி இல்லை. சாம் ரைமி 1987இலை தன்ரை 1981 படம் ‘த ஈவில் டெட்’டின்ரை ரெண்டாம் பாகத்தை எடுத்தவர். முதல் படத் துண்டுகளைப் பாவிக்க உரிமை கிடைக்காததாலை, பழைய கதையைச் சுருக்கித் திரும்ப நடிக்க வைச்சுத்தான் துடங்கினவர். அதிலை ரத்தம் சிவப்பு மட்டுமில்லை, பச்சையும் கறுப்பும் பீறிடும். தணிக்கைக்காரரைச் சமாளிக்கச் செய்த வேலை அது, ஆனா பகிடிக்கும் அதுவே கைகொடுத்தது. ‘ஈவில் டெட்’டின்ரை 2013 ரீமேக் கைவேலையிலை குறை வைக்கேல்லை, பகிடியைத்தான் விட்டுப்போட்டுது. எனக்கு அது நல்ல பயப்படமாய்த் தெரிஞ்சது. நீங்கள் கேக்கிற களவுச் சந்தோசம் அதிலை இல்லை.

கிளுவைவேலி · 19.01.2025 · பகல் 12.40

தமிழ்ப் பேய்ப் பகிடியிலை ஏன் இப்பிடி ரத்தம் இல்லை? 1993 மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ 2005இலை ‘சந்திரமுகி’ ஆனது, ‘காஞ்சனா’ இந்திக்குப் போனது, ‘பெற்றோமாக்ஸ்’ தெலுங்கிலை இருந்து வந்தது. ரீமேக்குக்குக் குறைவில்லை. ஆனா எல்லாத்திலையும் சேலையும் வளையலும் கத்தலும்தான்.

வடலி · 19.01.2025 · பகல் 2.15

ஒரு காரணம் வரி. 2011இலை இருந்து 2017இலை ஜி.எஸ்.ரி வருமட்டும் தமிழ்நாட்டிலை கேளிக்கை வரிவிலக்கு வேணுமெண்டா படத்துக்கு யூ சான்றிதழும் (எல்லா வயதுக்காரரும் பாக்கலாம் எண்ட தணிக்கைச் சான்று) இருக்க வேணும். ரத்தம் காட்டினா அந்தச் சலுகை கையை விட்டுப் போகும். மற்றக் காரணம், குடும்பத்தோடை வாற சனம். கைக்குழந்தையோடை வந்தவையை எழும்பிப் போக வைக்க ஆரும் விரும்பாயினம். அந்தப் படங்களிலை கத்தல்தான் ரத்தத்தின்ரை வேலையைச் செய்யுது.

அரிதாரம் · 25.01.2025 · இரவு 9.00

உறுப்புகள்.

ஜெலற்றின் காயம் செய்யச் சொல்லி எல்லாக் காணொளியிலையும் வரும். ஜெலற்றின், கிளிசரின், தண்ணி சம பங்கு. குளிர் நாட்டுக்குச் சரி. ஜெலற்றின் உடம்புச் சூட்டுக்குக் கிட்டவே இளகத் துடங்கும், எங்கடை வெயிலிலை, லைற்றுக்குக் கீழை, வேர்வையோடை கன்னத்திலை இருந்து வழுகும். அதோடை அது மாட்டிலையோ பண்டியிலையோ எடுக்கிறது. நடிக்கிற பிள்ளையளிட்டை முதலே கேளுங்கோ, சைவக்காரரும் முஸ்லிம் பிள்ளையளும் வேண்டாம் எண்டா அதோடை சரி. சைனா கிறாஸ் (கடற்பாசி, அகர் அகர்) உறைஞ்சா 85 பாகைக்குக் கிட்ட வருமட்டும் இளகாது, ஆனா முகம் அசைய உடையும். அசையாத இடத்துக்கு, நிலத்திலை கிடக்கிற துண்டுக்கு, அது நல்லம்.

அசையிற இடத்துக்குத் திரவ லற்றெக்ஸும் (ரப்பர்ப்பால்) ரிஷூவும். மெல்லிய ரிஷூ ஒரு படை, லற்றெக்ஸ் ஒரு படை, காய்ஞ்சபிறகு அடுத்தது. அஞ்சு படை போதும். நடுவைப் பிச்சு விளிம்பைத் தூக்கி, உள்ளுக்குக் கருஞ்சிவப்பு. அமோனியா மணக்கும், கண்ணுக்குக் கிட்டப் போடாதேங்கோ, புருவத்திலை படவே கூடாது, பிடுங்கிக்கொண்டு வரும். முதல்நாள் முழங்கை மடிப்பிலை ஒரு பொட்டு வைச்சு 24 மணித்தியாலம் பாருங்கோ. சிவந்து கடிச்சா அந்த ஆளுக்கு லற்றெக்ஸ் இல்லை.

வடலி · 26.01.2025 · காலை 8.30

விரலுக்கு இது தை மாதம், பனங்கிழங்கு இருக்கு! அவிச்ச கிழங்கின்ரை நுனி விரல் மொத்தம், விரல் நிறம், உள்ளுக்கு நார். ரெண்டு அங்குலத்துக்கு முறிச்சு, நுனியிலை வெட்டின நகம் போலை பிளாஸ்ரிக் ஒட்டி, முறிஞ்ச முகத்திலை பாகு தடவினா கிட்டத்து ஷொட்டுக்கும் தாங்கும். இழுத்து முறிக்கேக்கை நார் தொங்கும், அதுக்கு ஒரு செலவுமில்லை.

எலும்பு முறியிற சத்தத்துக்கு ஒடியல் (அவிக்காமல் காயவைச்ச பனங்கிழங்கு). காய்ஞ்ச ஒடியலை மைக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு முறியுங்கோ. கத்தி இறங்கிற சத்தத்துக்கு கோவா (முட்டைக்கோஸ்), முழுசாய், ஈரத்துணி சுத்தி. குடலுக்கு நைலோன் காலுறைக்குள்ளை பஞ்சு அடைச்சு, நாலு அங்குலத்துக்கு ஒருக்கா நூலாலை கட்டி, லற்றெக்ஸ் பூசுங்கோ. புழுவுக்கு அரிசிமா இடியப்பம். கண்முழிக்கு நுங்கை விட நல்ல சாமான் இல்லை, அமத்தினா தண்ணி பீச்சும். ஆனா நுங்குக்குச் சித்திரை தாண்ட வேணும். கண் பிடுங்கிற காட்சி இருந்தா தள்ளிப் போடுங்கோ, இல்லாட்டி சைனா கிறாஸிலை உருட்டுங்கோ.

பீறிடுறதுக்கு, தோட்டக்காரர் முதுகிலை கொழுவி மருந்தடிக்கிற 16 லீற்றர் தாங்கி. புதுசாய் வாங்கினது மட்டும். ஒருக்கா மருந்தடிச்ச தாங்கியை எத்தினை தரம் கழுவினாலும் ரப்பரிலையும் குழாயிலையும் நஞ்சு நிக்கும், அதாலை ஒரு மனுசன்ரை முகத்துக்கு அடிக்கக்கூடாது. இதிலை விட்டுக்கொடுப்பில்லை. நுனியிலை உள்ள தெளிப்பானைக் கழட்டிப்போட்டு மீன்தொட்டிக்குப் போடுற தெளிஞ்ச குழாயைக் கொழுவுங்கோ. பாகு இந்தத் தடிப்பிலை போகாது, சம அளவு தண்ணி விட்டு ரெண்டுதரம் துணியிலை வடியுங்கோ. கொக்கோக் கட்டிதான் வடியை அடைக்கிறது, ஷொட்டுக்கு நடுவிலை அடைச்சா முழு உடுப்பும் வீண். சின்னக் கசிவுக்கு 60 மில்லிலீற்றர் ஊசியில்லாச் சிறிஞ்சும் குழாயும் காணும். சோடாப் போத்தலுக்குச் சைக்கிள் பம்பாலை காத்தடிக்கிற முறை சொல்லுவினம், போத்தல் வெடிக்கும், வேண்டாம்.

பூவரசு · 26.01.2025 · இரவு 7.45

எங்கடை பேய் ஒரு அம்மி. உருண்டு வந்து ஆளைக் கடிக்கும். பாரமாய்த் தெரிய வேணும், வேகமாயும் இருக்க வேணும். றெஜிபோமிலை (பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை) செய்தா துள்ளுது.

வடலி · 26.01.2025 · இரவு 10.20

1986 செடிப் படத்திலை இதே சிக்கல். பெரிய செடிப் பொம்மையின்ரை வாயைப் பாட்டு வேகத்துக்கு அசைக்க ஏலாது. அதாலை செக்கனுக்குக் குறைஞ்ச பிரேமிலை, 12இலும் 16இலும், எடுத்து 24இலை ஓட விட்டவை. அதே ஷொட்டிலை நிண்ட நடிகர் மெதுவாய் நடிச்சு, மெதுவாய் வாயசைச்சு ஈடுகட்டினவர்.

நீங்கள் போனிலை 25 பிரேமிலை எடுத்து, தொகுக்கேக்கை ஒண்டரை மடங்கு வேகமாக்கலாம். கணக்கு லேசு: திரையிலை 4 செக்கன் வேணுமெண்டா 6 செக்கன் நடிக்க வேணும். அம்மியை ஈர மணல் அடைச்ச துணிமூட்டையிலை செய்து, மேலை றெஜிபோம் ஓடு ஒட்டி, மீன்பிடி நரம்பாலை மெதுவாய் இழுங்கோ. மெதுவாய் இழுத்தா துள்ளாது. பக்கத்திலை நிக்கிற ஆள் கண்ணை மெதுவாய்ச் சிமிட்ட வேணும், இல்லாட்டி கண் படபடக்கும், களவு பிடிபடும். ரத்தம் ஓடுற ஷொட்டை மட்டும் இப்பிடி எடுக்காதேங்கோ. வேகமாக்கின பாகு தண்ணியாய்த் தெரியும்.

எங்கடை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழுற நேரம்) ஒரு செக்கனிலை 50இலை ஒரு பங்கிலை பூட்டினா லைற் மினுக்காது.

நேரம்: முறியிற சத்தம் முதல், பிறகு எட்டில் இருந்து பத்துப் பிரேம் ஒண்டும் நடக்கக்கூடாது, பிறகு ரத்தம். அந்தப் பத்துப் பிரேமிலை சனம் மூச்சை இழுக்கும். வெட்டுப்பட்ட ஆள் பகிடி எண்டு தெரிஞ்சு நடிக்கக் கூடாது. வீட்டிலை தண்ணிக்குழாய் உடைஞ்சா ஒரு மனுசன் எப்பிடிப் பதறுவானோ அப்பிடிக் கையாலை பொத்திப் பாக்க வேணும்.

கிளுவைவேலி · 02.02.2025 · காலை 10.10

கேக்கிறது மனவருத்தமாய் இருந்தா மன்னியுங்கோ. எங்கடை ஊரிலை ரத்தம் பாத்த சனம் இருக்கு. அவைக்கு முன்னாலை இது என்ன விளையாட்டு?

வடலி · 02.02.2025 · இரவு 9.30

மன்னிக்க ஒண்டுமில்லை. இந்த இழையிலை முதல் நாளே வந்திருக்க வேண்டிய கேள்வி. நான்தான் எழுதாமல் விட்டிட்டன்.

பூவரசு, இவை எல்லாம் கட்டாயம். சீருடை மாதிரி ஒரு உடுப்பும் வேண்டாம். வெடிச்சத்தம், ஷெல் கூவுற மாதிரிச் சத்தம் ஒலிப்பதிவிலை கூட வேண்டாம். பேய் அம்மியாய், பூவரச மரமாய், பழைய றங்குப்பெட்டியாய் இருக்கட்டும், துவக்கோடை வாற மனுசனாய் இருக்க வேண்டாம். ராவிலை எடுக்கிறதெண்டா கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முதலே சொல்லுங்கோ, ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் நேரை போய், ‘இத்தினை மணிக்குக் கத்தல் கேக்கும், பயப்பிடாதேங்கோ’ எண்டு சொல்லுங்கோ. காகிதம் போட்டா காணாது. ஒழுங்கையிலை ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. விடியப்பறம் கோயிலுக்குப் போற ஒரு அம்மா அதைக் காணக்கூடாது. ரத்தம் பூசின ஆள் படலைக்கு வெளியிலை வரக்கூடாது. யூரியூப்பிலை முகப்புப் படத்துக்கு ரத்தம் போடாதேங்கோ, விரும்பித் திறக்கிறவை மட்டும் பாக்கட்டும்.

மாதுளம்பழ நிறத்திலை ரெண்டு வாளி எண்டு 19ஆம் திகதி எழுதினது பகிடிக்காக மட்டும் எண்டு அண்டைக்கு நினைச்சன். இப்ப யோசிச்சா அதின்ரை முக்கிய காரணம் கிளுவைவேலி கேட்டதுதான். கழிப்புக்கு நீற்றுப்பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி முச்சந்தியிலை வைக்கினம். அது ரத்தம் இல்லை எண்டு வெட்டுறவைக்கும் தெரியும், கடந்து போறவைக்கும் தெரியும். அந்த அளவுக்குப் பொய்யாய் இருக்க வேணும். உண்மைக்குக் கிட்டப் போனா இந்த ஊரிலை அது வேறை ஒண்டாய்ப் போயிடும்.

அரிதாரம் · 03.02.2025 · காலை 6.15

வடலி சொன்னதோடை ஒண்டு சேர்க்கிறன். 1986 செடிப் படத்திலை முதல் எடுத்த முடிவிலை நாயகனையும் நாயகியையும் செடி தின்னும். சோதினைக் காட்சியிலை சனத்துக்கு அது பிடிக்காததாலை முடிவைத் திருப்பி எடுத்தவை. பழைய முடிவு 2012இலைதான் சீராக்கி வெளியிலை வந்தது. மேடையிலை அதே சாவைச் சனம் ஏற்றுக்கொண்டது. ஏனெண்டா மேடையிலை செத்தவை கடைசியிலை வந்து கும்பிடுவினம், படத்திலை அப்பிடி வாறதில்லை எண்டு இயக்குநரே சொன்னவர்.

எங்கடை கூத்திலையும் கடைசியிலை எல்லாரும் வந்து நிண்டு மங்களம் பாடித்தான் முடியும். கழுவிலை ஏறினவரும் வெட்டுப்பட்டவரும் அதே அரிதாரத்தோடை நிப்பினம். உங்கடை படத்தின்ரை பேர் ஓடுற நேரத்திலை, செத்த அஞ்சு பேரும் கிணத்தடியிலை நிண்டு ஒராளுக்கொராள் தண்ணி அள்ளி ஊத்தி ரத்தம் கழுவுறதைப் போடுங்கோ. ஒரு நிமிசம் காணும்.

பூவரசு · 03.02.2025 · இரவு 8.00

அதைக் கட்டாயம் போடுறம். இந்த ஞாயிறு படப்பிடிப்பு. எத்தினை லீற்றர் காய்ச்ச? உடுப்பு எப்பிடிக் கழுவ?

வடலி · 03.02.2025 · இரவு 9.45

ஒரு ஆளை முழுசாய் நனைக்க ரெண்டு லீற்றர். பீறிடுற ஷொட் ஒண்டுக்கு மூண்டு, அதிலை பாதி தண்ணி. அஞ்சு சாவு, ரெண்டு பீறல், ஒவ்வொண்டும் ரெண்டு தரம் எடுக்கிறதாய்ப் பாத்தா 26 லீற்றர் பாகு. சிந்திற கணக்கும் சேர்த்து 25 கிலோ சீனி. கை நடுங்கினா சாவைக் குறையுங்கோ, ரத்தத்தைக் குறையாதேங்கோ. சனிக்கிழமை காய்ச்சி ஆற விடுங்கோ, சூட்டோடை ஆளிலை ஊத்தினா பாகு தோலைப் பிடிச்சுச் சுடும்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரே மாதிரி ரெண்டு உடுப்பு. பருத்தியாய் இருக்கட்டும். உணவு நிறம் பட்டிலும் கம்பளியிலும் நைலோனிலும் பிடிச்சா விடாது, பருத்தியிலை லேசாய்ப் போகும். காய முதல் பச்சைத்தண்ணியிலை போட்டு நிறம் போகுமட்டும் அலசுங்கோ, பிறகுதான் சவுக்காரம். எங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கூட, சவுக்காரக்கட்டி நுரைக்காது, தூள் போடுங்கோ. நிலத்திலை பாகு காயமுதல் சாக்குப் போட்டுத் துடையுங்கோ, மினுக்கின தரையிலை அது முதல் வழுக்கும், பிறகு செருப்பைப் பிடிச்சு இழுக்கும். லைற் வயரெல்லாம் நிலத்துக்கு மேலை கட்டியிருக்க வேணும்.

கடைசி ஒண்டு. காய்ச்சினதிலை அரை லீற்றரைப் போத்தலிலை விட்டுக் குளிர்சாதனப்பெட்டியிலை வையுங்கோ. தொகுக்கேக்கை கை ஒண்டு, கத்தி ஒண்டு எண்டு குறைஞ்ச ஷொட்டுகள் கட்டாயம் வரும், புதுசாய்க் காய்ச்சினா நிறம் ஒத்துவராது. போத்தலிலை பெரிய எழுத்திலை ‘குடிக்க வேண்டாம்’ எண்டு எழுதி ஒட்டுங்கோ. வீட்டிலை சின்னப்பிள்ளையள் சர்பத் எண்டு எடுப்பினம்.